வீட்டுக்கு ஒரு சோனா: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ ஹோட்டல் சோனாவுக்குள், அதாவது உட்கார்ந்து வேர்க்கிற சூட்டறைக்குள், ஒருதரம் இருந்து பார்த்தவர்கள், நோர்வே, சுவிஸ் என்று போய்வந்த சொந்தக்காரர்கள், ஜிம்முக்குப் போய் உடம்பு நோவோடு திரும்புகிற பொடியன்மார், இப்படிப் பலபேர் இப்போது வீட்டுச் சோனாவைப் பற்றிக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி "எந்தப் பெட்டி நல்லது?" என்பதுதான். பெட்டியைப் பிறகு பார்க்கலாம். நம்ம பக்கத்தில் ஒரு சோனா பத்து வருஷம் ஓடுமா, ரெண்டு மாரியில் பங்கசு பிடித்துச் சாமான் போடுகிற அறையாகுமா என்பதை மின் இணைப்பும், ஊற்றுகிற தண்ணீரும், பாவித்த பிறகு அறை எப்படிக் காய்கிறது என்பதும்தான் தீர்மானிக்கும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

இந்த வெக்கைக்குள்ள சோனா எதுக்கு? விறாந்தையில இருந்தாலே வேர்க்குதே!

நியாயமான கேள்வி. எல்லோருக்கும் தேவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வைகாசி, ஆனி மாதத்துக் கச்சான் காற்று வெக்கையில் வேர்ப்பதும் சோனாவில் வேர்ப்பதும் வேறுவேறு. வெளியே நமக்கு வருவது புழுக்கம். அது நாள் முழுக்க விடாது, ஆறுவதற்கும் இடமில்லை. சோனாவில் 70 முதல் 90 பாகைச் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிஷம் இருந்து, வெளியே வந்து தண்ணீர் வார்த்து, காற்றாட உட்கார்ந்து, மறுபடி உள்ளே போவீர்கள். சூடும் ஆறுதலும் மாறிமாறி வருவதில்தான் சுகம் இருக்கிறது.

சூட்டு வைத்தியம் நமக்குப் புதிதும் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் நொச்சியும் வேப்பிலையும் அவித்து வேது பிடிக்காத ஊர் இந்தப் பக்கம் குறைவு. மகா ஓயா வெந்நீர் ஊற்றுக்கு அம்பாறையால் வாகனம் பிடித்துப் போகிறோம், திருகோணமலைக்குப் போனால் கன்னியாவைப் பாராமல் வருவதில்லை. பின்லாந்துக்காரருக்கு அதே மாதிரி வீட்டுப் பழக்கம் சோனா. 55 இலட்சம் சனம் உள்ள நாட்டில் சுமார் 30 இலட்சம் சோனா இருக்கிறது என்கிறார்கள். அந்தப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலிலும் சேர்த்தது.

சோனா, இன்ஃபிராரெட், ஸ்டீம், மூன்றும் ஒன்றுதானே?

கடைக்காரர் மூன்றையும் சோனா என்றுதான் விற்பார், ஆனால் மூன்றும் மூன்று சாமான். பின்லாந்துச் சோனாவில் ஹீட்டருக்கு மேலே கற்கள் கிடக்கும். அறையே 70–90 பாகைக்குச் சூடாகும், விரும்பினால் கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்பலாம். இன்ஃபிராரெட் பெட்டியில் கல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. தகடுகளிலிருந்து வரும் கதிர் நேரே உடம்பைச் சூடாக்கும், காற்று 45–60 பாகையோடு நின்றுவிடும். ஸ்டீம் அறை முழுக்க டைல்ஸ் பதித்தது. சூடு 45 பாகை அளவுதான், ஆனால் ஈரப்பதம் 100 வீதம், முகத்துக்கு முன்னால் கை தெரியாத அளவுக்கு ஆவி மூட்டம்.

குழப்பம் வருவது இதில்தான்: மரத்தால் செய்த அறைக்குள் ஸ்டீம் மெஷினை வைக்கக் கூடாது, டைல்ஸ் பதித்த குளியலறைக்குள் சோனா ஹீட்டரைப் பூட்டக் கூடாது. முதலாவது உக்கிப் போகும், இரண்டாவது எவ்வளவு கரண்ட் குடித்தாலும் சூடேறாது.

நம்ம காற்றில ஏற்கெனவே இவ்வளவு ஈரம். உலர்ந்த சோனா இங்க சரிவருமா?

சரிவரும். கணக்கு இதுதான். வெளியே 30 பாகை, ஈரப்பதம் 75 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாவிக்கரை ஊர்களில் சாதாரண நாள். அதே காற்றை அதே நீராவியோடு 80 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 7 வீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று பிடிக்கக்கூடிய நீராவி பல மடங்கு அதிகம் என்பதுதான் காரணம். ஆகவே உள்ளே இருக்கும்போது காய்ந்த சூடுதான் தெரியும், புழுக்கம் தெரியாது.

ஒரு வித்தியாசம் உண்டு. பின்லாந்துக் குளிர்காலக் காற்றில் நீராவி என்று சொல்லவே ஒன்றுமில்லை, அதனால் அவர்கள் அகப்பை அகப்பையாக ஊற்றுகிறார்கள். நம்ம காற்றில் பாதி வேலை முடிந்திருக்கிறது. 4 கன மீட்டர் அளவான சின்ன அறையில் 100 மில்லிலீட்டர் ஊற்றினாலே காற்றிலுள்ள நீராவி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். யூடியூபில் பார்த்துவிட்டு வாளியைக் கவிழ்த்தால் காது மடலும் மூக்கு நுனியும்தான் முதலில் சுடும். கொஞ்சம் ஊற்றி, பொறுத்துப் பார்த்து ஊற்றுங்கள்.

அப்ப எனக்கு எது பொருத்தம்?

வீட்டில் ரெண்டு மூன்று பேர், கல்லில் தண்ணீர் ஊற்றுகிற அந்த அனுபவம்தான் வேண்டும், மின் இணைப்பைச் சரிசெய்யக் காசு இருக்கிறது என்றால் சின்னதாக ஒரு மின்சாரச் சோனா கட்டுங்கள். வாடகை வீடு, மாடி வீடு, அல்லது வயரிங்கில் கைவைக்க விருப்பமில்லை என்றால் இன்ஃபிராரெட். அதை 13 அம்பியர் பிளக்கிலேயே ஓட்டலாம், வீடு மாறினால் கழற்றிக்கொண்டும் போகலாம். ஆனால் பின்லாந்துச் சோனாவை அனுபவித்தவருக்கு இன்ஃபிராரெட் திருப்தி தராது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தடிமனுக்கும் மூக்கடைப்புக்கும் ஆவி பிடிக்கத்தான் தேவை என்றால் ரெண்டையும் விடுங்கள், சட்டியும் போர்வையும் போதும். அந்தக் காசுக்குக் குளியலறையைத் திருத்தலாம்.

என் வீட்டுக் கரண்ட் தாங்குமா?

எல்லாவற்றுக்கும் முதல் கேட்க வேண்டிய கேள்வி, பெரும்பாலானவர்கள் பெட்டி வந்து இறங்கிய பிறகு கேட்கிறார்கள்.

4.5 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்டில் சுமார் 20 அம்பியர் இழுக்கும். 6 கிலோவாட் என்றால் 26 அம்பியர். உங்கள் வீட்டுக்கு வருவது 30 அம்பியர் ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) இணைப்பு என்றால் 4.5ஐத் தாங்கும். ஆனால் அந்த நேரம் ஏசியும், தண்ணீர் மோட்டரும், ஸ்திரிக்கைப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் மெயின் விழும். 6 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மின்சாரம் தருகிற அலுவலகத்தில் மூன்று கட்ட (திரீ பேஸ்) இணைப்புக்கு விண்ணப்பிப்பதுதான் ஒழுங்கு. எதுவானாலும் ஹீட்டருக்கு மீட்டர் பலகையிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், வேலை செய்கிற டிரிப் சுவிட்ச். அறைக்கு உள்ளே போகிற துண்டு வயர் சூடு தாங்கும் சிலிக்கன் உறை போட்டதாக இருக்க வேண்டும். சாதாரண பீ.வீ.சி. வயர் அந்தச் சூட்டில் இளகும்.

வோல்டேஜையும் பாருங்கள். கிராமத்துப் பக்கம், மின்மாற்றியிலிருந்து கடைசி வீடு என்றால் பின்னேரம் ஏழு மணிக்கு 200 வோல்டுக்கு இறங்குவது புதினமில்லை. அப்போது உங்கள் 6 கிலோவாட் ஹீட்டர் 4.5 கிலோவாட்டுக்குத்தான் வேலை செய்யும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப வலு குறையும். பிறகு "கம்பனி ஏமாற்றிவிட்டான், சூடே இல்லை" என்று சண்டை. மாலையில் ஒரு நாள் மீட்டரை வைத்து அளந்துவிட்டு ஹீட்டரைத் தெரிவு செய்யுங்கள்.

மச்சான் நோர்வேயில இருந்து ஹீட்டர் அனுப்புறன் எண்டு சொல்றார். வாங்கலாமா?

அன்பாகத்தான் அனுப்புகிறார், ஆனால் பெட்டியின் பக்கத்தில் வோல்ட், வாட் எழுதி ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பிறகு முடிவெடுங்கள். நோர்வேயில் பல வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மூன்று கட்ட மின்சாரம். அங்கே ரெண்டு கட்டங்களுக்கு இடையே 230. நம்ம நாட்டில் மூன்று கட்டம் என்றால் ரெண்டு கட்டங்களுக்கு இடையே 400, ஒரு கட்டத்துக்கும் நியூட்ரலுக்கும் இடையேதான் 230. அந்த 230 மூன்று கட்ட ஹீட்டரை இங்கே தெரியாமல் அப்படியே பூட்டினால் உள்ளே சூடேறுகிற சுருள் அன்றைக்கே எரிந்துவிடும். ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றிப் பூட்ட வழி இருக்கிறதா என்று அதனுடைய கையேட்டில் வரைபடம் இருக்கும். இருந்தால் வாங்கலாம்.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருவது என்றால் 120 வோல்ட் சாமானைத் தொடவே வேண்டாம். அங்கே பிளக்கில் செருகி ஓடுகிற சின்ன இன்ஃபிராரெட் பெட்டிகள் பெரும்பாலும் அந்த வகைதான்.

பின்லாந்தின் ஹார்வியா, சுவீடனின் டைலோ, எஸ்தோனியாவின் ஹூம் எல்லாம் பேர்பெற்ற தயாரிப்பாளர்கள். சீனத்து ஹீட்டர்களிலும் நல்லது இருக்கிறது. நான் பேரைவிட ஒன்றைத்தான் பார்ப்பேன்: மாற்றுச் சுருள் கிடைக்குமா? உப்புக் காற்றடிக்கிற ஊரில் சுருள் போவது நிச்சயம், எப்போது என்பதுதான் தெரியாது. ஹீட்டர் வாங்கும்போதே ஒரு சோடிச் சுருளையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

பில் எவ்வளவு ஏறும்?

4.5 கிலோவாட் ஹீட்டர், நன்றாகக் கட்டிய அறை என்றால், சூடேற முக்கால் மணிக்குக் கிட்ட, பிறகு உள்ளே இருக்கும் நேரம் விட்டுவிட்டு ஓடும். ஒரு தரத்துக்கு ஏறக்குறைய 5 யூனிட். கிழமைக்கு ரெண்டு நாள் என்றால் மாதம் 40 யூனிட். 2 கிலோவாட் இன்ஃபிராரெட் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட்தான். ஆனால் நம்ம பில் படிப்படியாக ஏறுகிற பில். ஏற்கெனவே 180 யூனிட்டுக்குக் கிட்ட நிற்கிற வீட்டில் இந்த 40உம் ஆகக் கூடின விலையில்தான் விழும். பழைய பில்லை எடுத்து வைத்து எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கூரையில் சோலார் பூட்டி யூனிட் கழிக்கிற இணைப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் கரண்ட் நின்ற நேரத்தில் வீட்டு இன்வேட்டர் பெட்டரியில் சோனா ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

விறகுச் சோனா கட்டலாமா?

வளவு பெரிதாக இருந்தால் அதைப்போல ஒன்றில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். கரண்ட் வேண்டாம், சூடும் மெத்தென்று வரும். ஆனால் புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியேறுகிற இடத்தில் மரத்துக்கும் குழாய்க்கும் இடையே அடுப்புக்காரர் சொல்கிற இடைவெளியை ஒரு அங்குலம்கூடக் குறைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கிடுகு வேலியையும் குசினிக் கூரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் ஒரு பொறி போதும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை மாதிரி வீட்டோடு வீடு ஒட்டின இடங்களில் விறகை நினைக்கவே வேண்டாம், அயலுக்குப் புகை போனால் சோனா சுகம் எல்லாம் அன்றோடு சரி. பொத்துவில் பக்கம், மகா ஓயாப் பக்கம், படுவான்கரையில் வயலோரம் என்றால் தாராளமாகச் செய்யலாம். காய்ந்த விறகு மட்டும் போடுங்கள், பெயின்ட் அடித்த பலகைத் துண்டு வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கரையோரம் நட்ட சவுக்குகளிலும் கைவைக்க வேண்டாம்.

எவ்வளவு பெரிய அறை வேண்டும்? எங்கே வைப்பது?

நினைப்பதைவிடச் சின்னதாக. 4 அடிக்கு 5 அடி, 7 அடி உயரம், ரெண்டு பேருக்குத் தாராளம். அது ஏறக்குறைய 4 கன மீட்டர், 4.5 கிலோவாட் ஹீட்டருக்குச் சரியான அளவு. பொதுவாக ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்று கணக்கு வைக்கலாம். கண்ணாடிக் கதவு, சூட்டுக் காப்புப் போடாத சீமெந்துச் சுவர் என்று இருந்தால் அந்தப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒன்றேகால் கன மீட்டர் அளவு கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய கண்ணாடி படத்தில் வடிவாகத்தான் இருக்கும், பில்லில் இருக்காது.

உயரம் 8 அடிக்கு மேல் போனால் சூடு மேலே நின்று வீணாகும். உட்காருகிற மேல் தட்டுக்கும் கூரைக்கும் இடையே மூன்றரை அடி, கொஞ்சம் கூட இருக்கலாம். இருப்பவரின் கால் கற்களின் மட்டத்துக்கு மேலே வந்தால் நல்லது, இல்லாவிட்டால் தலை வேக, கால் குளிரும். ஹோட்டல் சோனாக்களில்கூட இந்தப் பிழையைப் பார்க்கலாம்.

இடம் என்றால் குளியலறைக்கும் கிணற்றடிக்கும் பக்கத்தில். மழைக்கு வெள்ளம் ஏறுகிற வளவு என்றால் தரையை வீட்டு மட்டத்துக்கு உயர்த்துங்கள். மட்டக்களப்பில் கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்று அயலில் உள்ள வயதாளிகளைக் கேட்டால் சுவரில் விரல் வைத்துக் காட்டுவார்கள், அதற்கு மேலே கட்டுங்கள். தரை சீமெந்து அல்லது டைல்ஸ், வடிகாலுக்குச் சாய்வு, மேலே தூக்கி எடுத்துக் காயவைக்கக்கூடிய மரச் சட்டம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், பூட்டோ கொண்டியோ கூடாது. மயக்கம் வந்து சாய்ந்தாலும் உடம்பு பட்டுத் திறக்கிற கதவுதான் சோனாக் கதவு.

முற்றத்தில வைக்கிற பீப்பாய்ச் சோனா வடிவா இருக்கே?

வடிவுதான். அது குளிர் நாட்டு முற்றத்துக்குச் செய்தது. இங்கே கச்சானுக்குப் பலகை சுருங்கி இடைவெளி விடும், மாரிக்கு ஊதி இறுகும், நடுவில் கறையான் வரும். ஆசை விடவில்லை என்றால் மேலே ஒரு தகரக் கூரை போட்டு, கீழே கொங்கிறீட் கட்டில் தூக்கி வையுங்கள். வெயிலும் மழையும் நேரே படக் கூடாது.

என்ன மரம் போடுவது? முதிரை போட்டால் காலத்துக்கும் நிக்கும் எண்டு ஓடாவி சொல்றார்.

ஓடாவி சொல்வது கதவு நிலைக்குச் சரி. சோனாத் தட்டுக்கு முதிரையும் பாலையும் சரிவராது. பாரமான, நெருக்கமான மரம் சூட்டைப் பிடித்து வைத்து உடனே தோலுக்குக் கொடுக்கும், உட்கார முடியாது. பாரம் குறைந்த, பிசின் இல்லாத மரம்தான் வேண்டும். வெளிநாட்டில் ஆஸ்பென், ஆல்டர், சீடார், ஹெம்லொக் போடுவார்கள், சூட்டில் பதப்படுத்திய தேர்மோ மரமும் இப்போது வருகிறது. உள்ளூரில் என்றால் லுணுமிதல்ல என்று மர டிப்போவில் கேளுங்கள். கூரைப் பலகைக்கும் வள்ளத்துக்கும் பாவிக்கிற பாரமில்லாத மரம். நன்றாகக் காயவைத்து, கணு இல்லாத பலகையாகப் பொறுக்கி எடுங்கள். கணு உள்ள இடம் மற்ற இடத்தைவிடக் கூடச் சுடும்.

தட்டில் ஆணித் தலை, ஸ்குரூத் தலை எதுவும் மேலே தெரியக் கூடாது. கீழ்ப்பக்கத்தால் பூட்டச் சொல்லுங்கள். 80 பாகையில் ஒரு ஸ்குரூத் தலை தொடையில் பட்டால் வட்டமாகத் தழும்பு விழும். ஸ்குரூவும் கறல் பிடிக்காத எவர்சில்வராக இருக்கட்டும். வார்னிஷ், பெயின்ட், பிளைவுட், எம்.டி.எஃப்., இரசாயனம் ஏற்றிய மரம் எதுவும் உள்ளே வேண்டாம், சூட்டில் அதன் மணத்தைத்தான் நீங்கள் மூச்சாக இழுப்பீர்கள்.

சுவருக்குள்ள என்ன போடுவது?

கல் சுவருக்கு உள்ளே மரச் சட்டம், சட்டத்துக்கு இடையே ரொக்வூல் என்கிற கல் இழைக் காப்பு, அதன் மேல் அலுமினியத் தாள் பளபளப்பு உள்ளே பார்க்க, மூட்டுகளில் அலுமினிய டேப், பிறகு ஒரு சென்ரிமீட்டரோ ரெண்டோ காற்று இடைவெளி விட்டு மரப் பலகை. மேசன்மார் மலிவு என்று ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகை போடச் சொல்வார்கள். வேண்டாம், அந்தச் சூட்டில் அது இளகிச் சுருங்கும், தீப்பிடித்தால் இன்னும் மோசம். அலுமினியத் தாளைச் சிக்கனம் பிடிக்கிற இடமாக நினைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஆவி சுவருக்குள் போய் நிற்கும், நம்ம ஊர் ஈரத்தில் அது திரும்பிக் காயாது.

காற்றுத் துவாரம் ரெண்டு: ஹீட்டருக்குக் கிட்ட ஒன்று உள்ளே வர, எதிர்ப்பக்கம் ஒன்று வெளியே போக.

கல்லு எங்கே எடுக்கலாம்? கடற்கரையில கிடக்கிறதைப் போடலாமா?

கூடாது. முருகைக்கல் சுண்ணாம்பு, சூளையில் வைத்துச் சுடுகிற சாமான் அது. ஆற்றுக் கல்லுக்குள் ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும். ஹீட்டரோடு வருகிற கறுத்த, பாரமான எரிமலைப் பாறைக் கல்லையே பாவியுங்கள். போட முதல் கழுவுங்கள், இடையில் காற்றுப் போக இடம் விட்டு அடுக்குங்கள். வருஷத்துக்கு ஒருதரம் எல்லாவற்றையும் இறக்கி, பொடிந்ததை எறிந்துவிட்டுத் திரும்ப அடுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். வாவிக்கும் கடலுக்கும் கிட்ட உள்ள பல கிணறுகளில் உவர். வாயில் வைத்தால் தெரிகிற உப்பு, கல்லில் ஊற்றினால் வெள்ளைப் படையாகப் படிந்து சுருளை அரிக்கும். மட்டக்களப்பு நகரத்துக்கு உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் நல்லது. மாரியில் பிடித்த மழைத் தண்ணீர் இன்னும் நல்லது. உவர்க் கிணறு இருந்தால் அதைக் குளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

நொச்சி, வேப்பிலை, யூக்கலிப்டஸ் தைலம் எல்லாம் பாவிக்கலாமா?

இலையைக் கொதிநீரில் ஊறவைத்து, வடித்த தண்ணீரைக் கொஞ்சமாகக் கல்லில் ஊற்றலாம். இலையைக் கல்லில் போட்டால் கருகி அறை முழுக்கப் புகை. தைலம் என்றால் ஒரு வாளித் தண்ணீருக்கு ரெண்டு மூன்று துளி, நேரே கல்லில் விடவே கூடாது, பற்றிக்கொள்ளும். பின்லாந்தில் பேர்ச் மரத்துக் கிளையைக் கட்டி உடம்பில் மெல்ல அடிப்பார்கள். அதற்கு வேப்பங் குழைக் கட்டு நன்றாகவே இருக்கும், கொஞ்சம் கோயில் திருவிழா ஞாபகமும் வரும். இன்ஃபிராரெட் பெட்டிக்குள் தண்ணீரோ தைலமோ எதுவும் கூடாது.

வெளியில வந்தால் ஆறுவது எப்படி? பனிக்கு எங்கே போறது?

இங்கே சோனாவின் கஷ்டமான பாதி இதுதான். பகல் வெயிலில் நின்ற தண்ணித் தாங்கியைத் திறந்தால் வருவது வெந்நீர், அதில் எப்படி ஆறுவது? ஆகவே நேரத்தை மாற்றுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு, அல்லது விடிய. கிணறு இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். கிணற்றுத் தண்ணீர் பனி அல்ல, 28 பாகைக்குக் கிட்டத்தான் இருக்கும், ஆனால் வேகும் உடம்புக்கு வாளியால் அள்ளித் தலையோடு வார்த்தால் தாராளமாகப் போதும். வார்த்த பிறகு ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம். உடம்பு முழுக்க ஆறாமல் அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள். ஏசி அறைக்குள் ஓடுவதை நான் விரும்புவதில்லை. தண்ணீர், மோர், இளநீர் குடியுங்கள். சாராயம், பியர் வேண்டாம், பின்லாந்திலும் சோனா மரணங்களில் குடிக்குப் பெரிய பங்கு உண்டு.

அம்மாவுக்குப் பிரஷரும் சீனியும் இருக்கு. உள்ளே விடலாமா?

மருத்துவரைக் கேட்காமல் விட வேண்டாம். பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்களில் பலர் போகலாம். ஆனால் மாத்திரை எடுப்பவர் உள்ளே இருந்து சட்டென்று எழும்பினால் தலை சுற்றி விழ வாய்ப்பிருக்கிறது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சு நோவு நிற்காதவர்கள், இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் போகவே கூடாது. சீனி வியாதியில் கால் விறைத்தவர்களுக்குச் சுடுவது தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். காய்ச்சலோடு போக வேண்டாம். கர்ப்பிணிகள், முக்கியமாக முதல் மூன்று மாதம், தள்ளியிருப்பது நல்லது. பிள்ளைக்கு முயற்சி செய்கிற ஆண்களும் யோசியுங்கள், அடிக்கடி சூடு பட்டால் விந்தணு எண்ணிக்கை கொஞ்சக் காலத்துக்குக் குறையும்.

இதயத்துக்கு நல்லது என்று 2015இல் வந்த பின்லாந்து ஆய்வைப் பலர் அனுப்புகிறார்கள். குவோபியோப் பக்கத்தில் 42 முதல் 60 வயது வரையான 2315 ஆண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்தது அது. கிழமைக்கு நாலு முதல் ஏழு தரம் சோனா போனவர்களில் திடீர் இதயச் சாவு, ஒருதரம் மட்டும் போனவர்களைவிட 63 வீதம் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான், ஆனால் சோனாதான் காரணம் என்று அது நிறுவவில்லை. உள்ளே ஏழு நாளும் போகக்கூடியவர் ஏற்கெனவே சுகதேகியாகவும் இருந்திருக்கலாம். அதுவும் அவர்கள் சின்ன வயதிலிருந்தே பழகினவர்கள். நம்மவர்கள் முதல் மாதம் 65–70 பாகையில், கீழ்த் தட்டில், ஐந்தாறு நிமிஷத்தோடு தொடங்கட்டும்.

தாலி, நகை போட்டுக்கொண்டு போகலாமா?

சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாம் கழற்றுங்கள், பொன் விரைவாகச் சூடேறும். தாலி கழற்ற மனமில்லாதவர்கள் ஈரத் துவாயை நெஞ்சோடு சுற்றி, கொடியை அதற்கு மேலே விட்டுக்கொண்டால் தோலில் படாது, கழுத்துப் பக்கமும் துவாய் வர வேண்டும். மூக்குக் கண்ணாடியையும் வெளியே வையுங்கள்.

நோன்பு நேரத்தில் பாவிக்கலாமா?

நோன்போடு வேண்டாம், வேர்வையில் போகிற தண்ணீரை ஈடுசெய்ய முடியாது. நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, தராவீஹ் தொழுகை முடிந்து வந்த பிறகு ஆறுதலாகப் போகலாம். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு மட்டும் போகாதீர்கள்.

மெலியலாமா? உடம்பில உள்ள நஞ்சு போகுமா?

தராசில் குறைவது தண்ணீர், ரெண்டு தம்ளர் குடித்தால் திரும்பி வந்துவிடும். வேர்வையில் போவது தண்ணீரும் உப்பும். கழிவை அகற்றுகிற வேலையை ஈரலும் சிறுநீரகமும் பார்க்கும். "டீடொக்ஸ்" என்று சொல்லி விலையைக் கூட்டுகிற கடையில் மற்ற விஷயங்களையும் கவனமாகக் கேளுங்கள்.

மாரி காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முடித்து வெளியே வந்ததும் ஹீட்டரை நிறுத்தாமல் இன்னும் ஒரு கால் மணி நேரம் கதவைக் கொஞ்சம் திறந்து ஓட விடுங்கள், பிறகு நிறுத்திவிட்டுக் கதவை நன்றாகத் திறந்து வையுங்கள். தரைச் சட்டத்தைத் தூக்கிச் சுவரோடு சாத்துங்கள். வாடைக்காற்று மாதங்களில் பாவிக்காவிட்டாலும் கிழமைக்கு ஒருதரம் சும்மா சூடேற்றுங்கள். வேர்வை படுகிற தட்டில் எப்போதும் துவாய் விரித்து உட்காருங்கள், கறுத்த இடத்தை மெல்லிய மணல்தாளால் தேய்த்தால் போதும். கறையான் மருந்தை அறைக்கு வெளியே, அத்திவாரத்தோடு மட்டும் அடிக்க வேண்டும்.

அடுத்தது, கட்டாயம் சொல்ல வேண்டியது: மழைக்கு உடுப்புக் காயவில்லை என்று சோனாவுக்குள் கொடி கட்டாதீர்கள். மார்கழியில் எந்த வீட்டிலும் அந்த யோசனை வரும். துணி கல்லில் விழுந்து தீப்பிடிப்பதுதான் சோனாத் தீயில் அடிக்கடி நடப்பது. ஹீட்டரில் நேரக் கட்டுப்பாடும், சூடு மிஞ்சினால் தானே நிறுத்துகிற சுவிட்சும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

ரெடிமேட் பெட்டி வாங்கப் போகிறேன். கடையில என்ன கேட்க வேண்டும்?

ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்கள். சூடேறிய பிறகு உள்ளே தலையை விட்டு மணந்து பாருங்கள். பசை, பெயின்ட் மணம் வந்தால் திரும்பி வந்துவிடலாம். தட்டின் கீழ்ப்பக்கத்தைத் தடவுங்கள், அங்கே பிளைவுட் ஒளிந்திருக்கும். கதவுக் கண்ணாடி பதப்படுத்தியதா, விளக்கு சூடு தாங்குகிற வகையா, சுவர்ப் பலகை எத்தனை மில்லிமீட்டர், இலங்கையில் யார் திருத்துவார், கொழும்பிலிருந்து ஆள் வந்தால் பயணச் செலவு யார் கணக்கு? இதையெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குகிற நாளில் உங்கள் எலக்ட்ரீசியனும் பக்கத்தில் நிற்கட்டும், அவர் தகட்டைப் படித்துச் சரி என்ற பிறகு மீதிக் காசைக் கொடுங்கள்.